திரைக்குப் பின்னே ஒரு பெயர்

கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் திருவிழா இரவுகளில் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் விடிய விடிய நடைபெறக் கண்டிருப்பீர்கள். வள்ளியாக வரும் அம்மையாரின் பெயரை விளம்பரத்தாளே சொல்லிவிடும். நாடகங்களை யாத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) என்பதும் பலர் அறிந்ததே. மேடையில் ஆடும் பெண்ணை அறிவோம். நாடகம் எழுதிய பெண்ணை அறிவோமா? இவ்வினாவையே இன்று ஆராய விழைகின்றேன்.

இவ்வினா தெளிவாக எழுந்த இடம் இலண்டன் மாநகரம். அங்கு 1642-இல் மூடப்பட்ட நாடக அரங்குகள், இரண்டாம் சார்லசு அரசர் அரியணை ஏறிய 1660-இல் மீண்டும் திறந்தன. அதுவரை சிறுவர் புனைந்த பெண் வேடங்களைப் பெண்களே ஏற்றனர். பத்தாண்டுகளில் பெண்ணின் எழுத்தும் அரங்கேறியது. 1670-இல் அஃப்ரா பென் என்னும் அம்மையாரின் முதல் நாடகம் நடிக்கப்பெற்றது. 'ஆஸ்டிரியா' என்பது அவர் புனைபெயர். அவருடைய புகழ்பெற்ற 'ரோவர்' நாடகமோ 1677-இல் முதலில் அச்சேறியபோது ஆசிரியர் பெயரையே தாங்கவில்லை.

ஏன் இந்த மறைவு? எழுதிப் பொருளீட்டும் பெண்ணை ஒழுக்கம் குன்றியவள் எனச் சமூகம் ஏசிற்று. 1696-இல் மேன்லி, பிக்ஸ், டிராட்டர் என்ற மூன்று பெண் நாடகாசிரியர்களை எள்ளி நகையாடவே ஒரு நாடகம் மேடையேறியது என்றால் வேறென்ன சான்று வேண்டும்?

அதற்கு முந்திய ஆண்டில் ஒரு நங்கை 'அரியாட்னி' என்ற பெயருடன் இன்பியல் நாடகமொன்றை அளித்தாள். பென் வாழ்ந்த காலத்தில் தன் எழுத்தார்வத்தை அரிதின் அடக்கியதாகவும், அவர் மறைந்த பின்னரே துணிந்ததாகவும் முன்னுரையில் கூறினாள். கிரேக்கக் கதையின் அரியாட்னி, சுழல்வழி மாளிகையிலிருந்து மீள நூலொன்று தந்தவள். இந்த அரியாட்னியோ தன்னிடம் வந்துசேர நமக்கு ஓர் இழையும் விட்டுச் செல்லவில்லை. அவள் யார் என்பது இன்றுவரை புலப்படவில்லை.

'கல்கியும் புனைபெயரன்றோ?' என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் கல்கி என்றதும் ரா. கிருஷ்ணமூர்த்தியின் முகம் நாட்டுக்கே தெரிந்தது. ஒருவருக்கு மகுடமாகும் பெயர் மற்றொருவருக்குத் திரையாகிவிடக்கூடும்.

தமிழிலும் பெண்கள் புனைபெயரில் நாடகம் எழுதியதுண்டு. 'வாசவேச்வரம்' புதினத்தால் புகழ்பெற்று, நாடகங்களும் எழுதிய கிருத்திகாவின் இயற்பெயர் மதுரம் பூதலிங்கம். 'ஆற்றைக் கடத்தல்' நாடகத்தை எழுதிய அம்பை, 1944-இல் கோயம்புத்தூரில் பிறந்த சி. எஸ். லட்சுமி. தேவனின் நாவலொன்றில், கணவன் மதியாத மனைவி அப்பெயரில் எழுதத் தொடங்குகிறாள். பாரதத்தின் அம்பையோ தனக்கு இழைத்த தீங்கை மறவாதவள். ஆக, இவர் சூடியது ஒளிந்துகொள்ளும் பெயரன்று, போர்ப்பெயர். இயற்பெயரில் அவர் தமிழ்ப் பெண் எழுத்தாளர்களை ஆராய்ந்தார். பெண்களின் குரலையும் எழுத்தையும் படத்தையும் காக்க 1988-இல் மும்பையில் 'ஸ்பாரோ' ஆவணக் காப்பகத்தைத் தோழியருடன் நிறுவினார். அரியாட்னிக்குக் கிட்டாத காவல் இதுவே.

புனைபெயர் பூணுதல் குற்றமன்று. பூண்டவளின் உண்மைப் பெயர் எங்கும் பதியப்பெறாமற் போவதே இழப்பு. உங்கள் பள்ளி ஆண்டுவிழா நாடகத்தை ஒரு மாணவி எழுதினால், அவள் பெயரை நிகழ்ச்சி நிரலிலே அச்சிடுங்கள். ஒரு வரி மைதான்; ஆயினும் அவ்வொரு வரி இல்லாமையால் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒருத்தி பெயரற்று நிற்கின்றாள்.