செல்லோ கேட்ட சிறுமி

செல்லோ என்னும் கருவியைப் பெயரால் அறியாதவரும் அதன் ஒலியை அறிவர். இளையராஜாவின் பாடல்களில் வயலின்களுக்கு அடியில், மனிதக் குரலைப் போல் கனத்து ஒலிக்கும் தந்தி இசை பெரும்பாலும் அதுதான். நாற்காலியில் அமர்ந்து, கருவியை முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி, வில்லால் வாசிக்க வேண்டும். அக்கருவியில் இருபது வயதிலேயே உலகை வியக்க வைத்தவர் ஜாக்குலின் டு பிரே.

1945ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். நான்கு வயதில் வானொலியில் செல்லோவின் ஒலியைக் கேட்டதும், அந்த ஒலியை எழுப்பும் கருவி தனக்கு வேண்டும் என்று தாயிடம் கேட்டார். ஐந்தாம் பிறந்தநாளையொட்டி அது கைக்கு வந்தது. தாய் ஐரிஸ் பியானோ கலைஞர். மகள் உறங்கிய பின், அவள் வாசிக்கக்கூடிய சிறு மெட்டுகளைத் தாமே எழுதி, ஓரத்தில் படங்களும் வரைந்து, படுக்கையருகே வைத்துவிடுவார். காலையில் கண்விழிக்கும் குழந்தை முதலில் காண்பது அந்தத் தாளைத்தான். நோயாளியின் தலைமாட்டில் இரவெல்லாம் விழித்திருக்கும் நம் வாசகர்களுக்கு இத்தகைய அன்பைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை.

பத்து வயதில் வில்லியம் பிளீத் என்னும் ஆசிரியரிடம் சேர்ந்தார். 1961 மார்ச் முதல் நாள், பதினாறு வயதில், இலண்டன் விக்மோர் அரங்கில் முதல் தனிக் கச்சேரி. தொடங்கிய சில நிமிடங்களிலேயே தந்தி ஒன்று தளர்ந்துவிட்டது. எழுந்து உள்ளே சென்றார், தந்தியை மாற்றிக்கொண்டு வந்தார், முதலிலிருந்து வாசித்தார். மறுநாள் நாளேடுகள் அவரைக் கொண்டாடின. புகழ் வந்த பின்னும் அவர் மாணவியாகவே இருந்தார் என்பது நமக்கு முக்கியமாகப் படுகிறது. பாரிசில் டோர்ட்டெலியரிடமும், 1966இல் மாஸ்கோவில் ரோஸ்ட்ரோபோவிச்சிடமும் பயின்றார்.

அவர் பெயருடன் பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்ட இசைப்படைப்பு எட்வர்டு எல்கரின் செல்லோ கான்செர்ட்டோ. அதன் பிறப்புக்கும் மருத்துவமனைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1918இல், அறுபது வயதான எல்கருக்கு இலண்டனில் தொண்டைச் சதை அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்நாளில் அவ்வயதினருக்கு அது எளிய சிகிச்சையன்று. மயக்கம் தெளிந்ததும் அவர் காகிதமும் பென்சிலும் கேட்டு வாங்கி ஒரு மெட்டை எழுதினார். அதுவே அப்படைப்பின் முதன்மை மெட்டாயிற்று. 1919இல் நடந்த அரங்கேற்றம், போதிய ஒத்திகை இல்லாமையால் தோல்வி. அன்று இசைக்குழுவில் செல்லோ வாசித்த இளைஞர்களுள் ஒருவர் ஜான் பார்பிரோலி. நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1965 ஆகஸ்டில், அவரே குழுவை நடத்த, இருபது வயது டு பிரே அதனை ஒலிப்பதிவுக்காக வாசித்தார். இன்றும் பலர் முதலில் தேடிக் கேட்பது அந்தப் பதிவைத்தான்.

1971 அளவில் விரல்களில் உணர்ச்சி குறையத் தொடங்கியது. களைப்பு, மனச்சோர்வு என்றே முதலில் எண்ணப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் தொல்லை விலகியதுபோல் தோன்ற, கணவர் டேனியல் பேரன்பாய்முடன் ஷோப்பான், ஃபிராங்க் ஆகியோரின் சொனாட்டாக்களைப் பதிவு செய்தார். பின்னர் மீண்டும் மரத்துப்போதல். 1973 பிப்ரவரியில் நியூயார்க் மேடையில், தந்தியின் மீது விரல் எங்கே இருக்கிறது என்பதைத் தொட்டறிய இயலாமல், கண்ணால் பார்த்துப் பார்த்து வாசித்தார். அவ்வாண்டு அக்டோபரில்தான் நோயின் பெயர் தெரிந்தது: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

மின்கம்பிக்கு உறை இருப்பதுபோல நரம்பிழைகளுக்கும் மையலின் என்னும் உறை உண்டு. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் அவ்வுறையைத் தாக்கும்போது செய்திகள் தடைபடுகின்றன. மரத்துப்போதல், பார்வை மங்குதல், காரணமற்ற அசதி ஆகியவை வந்து வந்து விலகும். அவ்வாறு விலகுவதனாலேயே நோயாளியின் சொல்லைப் பிறர் நம்பாமற்போவதும் உண்டு. அந்நாளில் இந்நோயின் வேகத்தைக் குறைக்கும் மருந்து இல்லை. 1993 முதல் அத்தகைய மருந்துகள் வரத் தொடங்கின.

மரக்காணம் பகுதியில் கை கால் மரத்துப்போவதற்கு இந்நோயினும் நீரிழிவும் பி12 சத்துக் குறைவுமே மிகுதியான காரணங்கள். உப்பளப் பாத்தியில் நாள் முழுதும் நிற்கும் ஒருவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்தால், உப்பு அரித்த புண்ணையும் அவர் உணரமாட்டார். தங்கள் வீட்டில் எவரேனும் மரத்துப்போகிறது என்று கூறினால், அது இரண்டே நாளில் சரியாகிவிட்டாலும், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வில்லைப் பிடிக்க இயலாத டு பிரே கற்பிக்கலானார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, வாசித்துக் காட்ட முடியாததை வாய்ச்சொல்லாலும் பாடியும் உணர்த்தினார். அவரிடம் பயின்றவர்களுள் வங்காளக் கிராமமொன்றின் ஏழைக் குடும்பத்தில் பிறந்த அனூப் குமார் பிஸ்வாஸ் ஒருவர். கொல்கத்தா பெஹாலாவில் உள்ள ஆக்ஸ்ஃபோர்டு மிஷனில் தியடோர் மாத்திசன் என்னும் பாதிரியாரால் இசைக்குள் வந்து, இலண்டன் ராயல் இசைக் கல்லூரி வரை சென்றவர். தம்மை வளர்த்த பாதிரியாரின் பெயரால் 1994இல் கொல்கத்தாவில் அவர் ஒரு பள்ளியைத் தொடங்கினார்.

1987 அக்டோபர் 19 அன்று, நாற்பத்திரண்டாம் வயதில், டு பிரே மறைந்தார். அவர் வாசித்த, 1712இல் ஸ்ட்ராடிவாரியின் கையால் உருவான செல்லோ பின்னர் யோ யோ மாவிடம் சென்றது. பிஸ்வாஸ் தொடங்கிய பள்ளியில் கிராமத்து ஏழைக் குழந்தைகள் பாடங்களோடு வயலினும் செல்லோவும் கற்கின்றனர்.