ஆட்டம் கண்ட பின்சக்கரங்கள்

தந்தை தம் இளமையில் ஓட்டிய வானொலிக் கட்டுப்பாட்டுக் காரைப் பரணிலிருந்து இறக்கி மகனிடம் கொடுக்கிறார். ஓட்டிய சிறிது நேரத்திலேயே அது வளைவில் பின்புறம் சறுக்கிக் குடைசாய்கிறது. "அப்பா, மோட்டார் கெட்டுவிட்டது" என்கிறான் சிறுவன். மோட்டார் மீது பழி போடுவது எளிது. குற்றம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்.

1984ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் டீம் அசோசியேட்டட் நிறுவனம் வெளியிட்ட ஆர்.சி.10 என்னும் காரையே எடுத்துக்கொள்வோம். பொன்னிற அலுமினியத் தட்டும், நைலான் கைகளும், எண்ணெய் நிரப்பிய அதிர்வு தாங்கிகளும் கொண்ட இது, உண்மைக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவினது. 2013இல் மீண்டும் வெளியிடப்பட்டது என்றால் அதன் மீதுள்ள பற்றை உணரலாம்.

பின்சக்கரங்கள் முன்னோக்கிச் சற்றே உட்புறம் சாய்ந்து நிற்க வேண்டும். காரை நேராகச் செலுத்துவது அதுவே. எஃகு ஊசியைத் தாங்கும் நைலான் துளை மணலால் அரைபட்டு அகன்றுவிட்டால், மோட்டார் விசை பாயும்போது ஒவ்வொரு சக்கரமும் தன் விருப்பப்படி திரும்புகிறது. பிறகு கார் நேராக ஓடுவது எங்ஙனம்?

காரை உயர்த்திச் சக்கரத்தை அசைத்துப் பாருங்கள். கை அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் குறை பேரிங்கில். கையும் சேர்ந்து ஆடினால் ஊசியிலும் துளையிலும். ஊசி முனையிலுள்ள சிறு கிளிப்பைக் கழற்றும்போது விரலால் மூடிக்கொள்ளுங்கள். தெறித்து ஓடினால் வீடே தேட நேரிடும்! ஊசியைக் கண்ணாடியின் மீது உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். கைகளை இரு பக்கமும் ஒருசேர மாற்றுதல் நன்று. கையைத் தாங்கும் அடிக்கட்டையும் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றாமல் ஆட்டம் போகாது. பழைய பாகங்களை எறிய மனமில்லாத தந்தையர் அவற்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளட்டும், காரில் வேண்டாம்.

எண்ணெய் கசியும் அதிர்வு தாங்கிக்குப் புதிய ரப்பர் வளையமிட்டுச் சிலிக்கான் எண்ணெய் ஊற்றுங்கள். தண்டை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, குமிழிகள் மேலெழும்வரை பொறுத்திருந்து மூடுங்கள். அவசரப்படும் சிறுவர் தவறுவது இங்கேதான்.

அதிர்வு தாங்கியை மாட்டுமுன் புதிய கையை உயர்த்தி விடுங்கள். தன் எடையாலேயே அது கீழே விழ வேண்டும். பாதியில் நின்றால் ஊசியை உருவித் துளையைச் சிறிது சிறிதாகச் சுரண்டிச் சரிசெய்து, மீண்டும் விட்டுப் பாருங்கள்.