கோப்பு முறைமையில் நேரும் வழுவும் அதனை அறிவிக்கும் முறையும்

இலக்கணம் பயின்ற மாணவர்க்கு ‘வழு’ என்னும் சொல் புதியதன்று. திணை வழு, பால் வழு, இட வழு என வகுத்துப் படித்தவர்கள் அவர்கள். கணிப்பொறித் துறையினரும் மென்பொருளில் காணும் பிழையைக் குறிக்க இச்சொல்லையே எடுத்தாள்கின்றனர். லினக்ஸ் இயக்கமுறைமையில் குறிப்பேட்டு வகையைச் சார்ந்த கோப்பு முறைமைகள் உள்ளன. அவற்றில் நேரும் வழுக்களை ஆராய்ந்து உரியவர்க்கு அறிவிப்பது எங்ஙனம் என்பதை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது. தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன இடம் என வினவுவோர் இருக்கலாம். காதர்பேட்டைப் பனியன் கடைகளின் வரவு செலவும் சலானும் இன்று கணிப்பொறியில்தான் ஏறுகின்றன. அக்கணக்கை எழுதும் கைகளுள் நம் மாணவர் கைகளும் உண்டு. ஒருநாள் மின்சாரம் நின்று மீண்டும் வந்தபின் கோப்பு வெறுமையாகக் கிடந்தால், பழி முதலில் எழுதியவன் தலையில்தான் விழும்.

குறிப்பேடு என்பது யாது? மொத்த வணிகர் கடையில் முன்னர் இரு ஏடுகள் இருந்தமையை மூத்தோர் அறிவர். சரக்கு இறங்கியவுடன் கணக்குப்பிள்ளை அதனைச் சிட்டையில் குறிப்பார்; பின்னர் அவரவர் பெயருக்குரிய பக்கத்தில் பேரேட்டில் ஏற்றுவார். ஏற்றும் வேளையில் இடையூறு நேரினும் சிட்டையைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சிட்டையிலேயே வரி பாதியில் நின்றிருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு, அது நடவாததாகக் கொள்ளலாம். கோப்பு முறைமையின் குறிப்பேடும் இவ்வாறே பணிபுரிகிறது. வட்டில் செய்ய வேண்டிய மாற்றம் முதலில் குறிப்பேட்டில் பதியப்படும். அப்பதிவு முற்றுப்பெற்ற பின்னரே உரிய இடத்திற்குச் செல்லும்.

1993இல் வந்த எக்ஸ்ட்2 முறைமைக்கு இவ்வசதி இல்லை. மின்சாரம் தடைப்பட்டால் வட்டு முழுவதையும் சோதித்த பின்னரே கணிப்பொறி எழும். ஸ்டீபன் ட்வீடி என்பார் அதனுடன் குறிப்பேட்டை இணைத்து எக்ஸ்ட்3 முறைமையை உருவாக்கினார். அது 2001இல் லினக்ஸ் கருவின் 2.4.15ஆம் பதிப்பில் இடம்பெற்றது. எக்ஸ்ட்4 நிலையானதென அறிவிக்கப்பட்டது 2008இல். ஈண்டு ஒன்றை அழுத்திக் கூற வேண்டும். இயல்பான அமைப்பில் குறிப்பேட்டில் ஏறுவது கோப்பின் பெயர், அளவு, இருக்குமிடம் முதலான விவரங்களே. கோப்பினுள் நாம் எழுதிய செய்தி அன்று. பேரேட்டின் பக்க எண்கள் ஒழுங்காக இருக்கும். பக்கத்தில் எழுத்து இருக்கும் என்பதற்கு அதுமட்டும் உறுதியாகாது. இவ்வேறுபாட்டை அறியாமையால் எழும் முறையீடுகள் பல.

2009ஆம் ஆண்டின் நிகழ்ச்சி இதற்குத் தக்க சான்று. அவ்வாண்டு சனவரியில் உபுண்டுவின் வழுப் பதிவேட்டில் ஒரு பயனர், எக்ஸ்ட்4 முறைமையில் இயங்கிய தம் கணிப்பொறி திடீரென நின்று மீண்டெழுந்தபோது, அண்மையில் எழுதப்பட்ட கோப்புகள் அளவு சுழியாகக் கிடந்தன என்று அறிவித்தார். எக்ஸ்ட்4 முறைமையைப் பேணிவரும் தியோடர் ட்சோ அதற்குக் காரணம் காட்டினார். மென்பொருள்கள் பல பழைய கோப்பை வெறுமையாக்கிவிட்டு அதன்மேலேயே புதியதை எழுதுகின்றன. எக்ஸ்ட்3 ஐந்து நொடிக்கொரு முறை குறிப்பேட்டை முடித்து, அதற்கு முன் கோப்பின் உள்ளடக்கத்தையும் வட்டில் சேர்த்துவிடும். எக்ஸ்ட்4 விரைவு கருதி, வட்டில் இடம் ஒதுக்குவதையே அரை நிமிடமோ அதற்கு மேலோ தள்ளிப்போடுகிறது. கோப்பு வெறுமையானது என்ற செய்தி குறிப்பேட்டில் ஏறிவிட, புதிய உள்ளடக்கம் நினைவகத்திலேயே தங்கிவிடும். அவ்விடைவெளியில் மின்சாரம் நின்றால் எஞ்சுவது சுழியே.

முறையான வழி வேறு. புதிய பெயரில் எழுதி, ‘எஃப்சிங்க்’ என்னும் அழைப்பால் வட்டில் சேர்ந்ததை உறுதிசெய்து, அதன் பின்னரே பழைய பெயரை அதற்கு இட வேண்டும். போசிக்ஸ் நெறிப்படி நோக்கின், இதைச் செய்யாத மென்பொருளே பிழையுடையது. கோப்பு முறைமை குற்றமற்றது. ட்சோ இதனை எடுத்துரைத்தார். எனினும் அத்துடன் நில்லாது, அவ்வாறு எழுதப்படும் கோப்புகளுக்கு உடனே இடம் ஒதுக்கும் திருத்தத்தையும் தாமே எழுதினார். 2009 சூனில் வெளியான 2.6.30ஆம் பதிப்பில் அது சேர்ந்தது. இலக்கண நெறிக்கு ஒவ்வாததாயினும் வழக்கு நோக்கி அமைத்துக்கொள்வதை நம்மவர் ‘வழுவமைதி’ என்றனர். இத்திருத்தத்திற்கு அதனினும் பொருத்தமான பெயரை யான் அறியேன். ஆயினும் அமைதி காட்டப்பட்டமையால் வழு வழாநிலை ஆகிவிடாது. கணக்கு மென்பொருள் எழுதும் மாணவர் எஃப்சிங்க்கைக் கைவிடலாகாது.

இனி, ஆராயும் முறை. கருவின் செய்திகளைக் காட்டும் ‘டிஎம்இஎஸ்ஜி’ கட்டளையில் தொடங்குதல் நன்று. ‘ரிகவரி கம்ப்ளீட்’ என்று கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. சிட்டையைப் பார்த்துப் பேரேடு சரிசெய்யப்பட்டது என்பதே அதன் பொருள். ‘ஐ-ஓ எரர்’ என வந்தால் ஐயம் முதலில் வட்டின்மீதும் கம்பியின்மீதும் செல்ல வேண்டும். ‘எக்ஸ்ட்4 எரர்’ என வந்தால் அமைப்பில் முரண் உள்ளது; அது மென்பொருள் வழுவாகவும் இருக்கலாம், பழுதான நினைவகத்தின் விளைவாகவும் இருக்கலாம். வட்டின் நலத்தைக் கூறும் ‘ஸ்மார்ட்’ அறிக்கையையும் நினைவகச் சோதனையையும் பார்க்காமல் வழு என்று முடிவுகட்டுவது நாடி பாராமல் மருந்து எழுதுவதை ஒக்கும்.

பலர் அவசரப்படும் இடம் ஒன்றுண்டு. கோளாறு கண்டவுடன் சீர்செய்யும் கட்டளையை இயக்கி, கேட்கும் வினாவுக்கெல்லாம் ‘ஆம்’ என்று விடுகின்றனர். சீர்செய்தல் என்பது வட்டில் எழுதுதலே. சான்றும் அழியும், சிலவேளை மீட்கக்கூடிய கணக்கும் அழியும். முதலில் வட்டை முழுமையாகப் படியெடுத்துக்கொண்டு, எதையும் மாற்றாது சோதிக்கும் ‘-என்’ தெரிவுடன் அப்படியைச் சோதிப்பதே முறை. படியெடுக்க மற்றொரு வட்டு வேண்டுமே என்பர். ஓராண்டுக் கணக்கின் விலையோடு ஒப்பிட்டால் அச்செலவு பெரிதன்று.

அறிக்கை எழுதுவோர் நன்னூலார் நூலுக்குக் கூறிய பத்துக் குற்றங்களை ஒருமுறை நினைவுகூர்தல் தகும். ‘கோப்பு போயிற்று’ என்று மட்டும் எழுதுவது குன்றக் கூறல். தாம் வேறு பதிப்புக்கு மாறிய வரலாற்றையெல்லாம் எழுதுவது மற்றொன்று விரித்தல். கருவின் முழுப் பதிப்பெண், கோப்பு முறைமை ஏற்றப்பட்ட தெரிவுகள், நிகழ்ந்தவற்றின் வரிசை, மீண்டும் நிகழ்த்திக் காட்ட இயலுமா என்பது, கருச் செய்திகளின் சுருக்கப்படாத படி ஆகியவை இருந்தால் போதும்.

பதிப்பெண்ணில் கடைசி இலக்கமும் வேண்டும். 2023இல் தம்முள் தொடர்புடைய இரு திருத்தங்களுள் ஒன்று மட்டும் 6.1.64ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதனால் நேரடி முறையில் எழுதப்பட்ட தரவு சிலவேளை கோப்பில் இடம்மாறி விழுந்தது. டெபியன் குழுவினர் 12.3ஆம் வெளியீட்டை நிறுத்திவைத்து, திசம்பர் 10 அன்று 12.4ஐ வெளியிட்டனர். ‘6.1’ என்று மட்டும் குறித்தவரின் அறிக்கையால் இதனைக் கண்டிருக்க இயலாது. ஏற்றத் தெரிவுகளும் அத்தகையனவே. 2012 அக்டோபரில் எக்ஸ்ட்4 தரவை அழிக்கிறது என்ற செய்தி பரவிப் பலரை அச்சுறுத்திற்று. ஆராய்ந்தபோது, வழக்கில் அரிதான தெரிவுகளை ஒருவர் பயன்படுத்தியமையால் எழுந்த சிக்கல் அது எனத் தெரிந்தது.

வழுவன்றி வரம்பாக இருப்பதை வழுவென்று அறிவிப்பதும் உண்டு. தமிழில் நீண்ட பெயரிட்டால் கோப்பு உருவாவதில்லை என்பது அவற்றுள் ஒன்று. எக்ஸ்ட்4இல் ஒரு பெயருக்கு 255 பைட்டுகளே இடம். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படும். ‘காதர்பேட்டை’ என்பதற்கே 33 பைட்டு வேண்டும். ஆகவே 85 குறியீடுகளுக்கு மேல் பெயர் நீளாது.

அறிக்கையை முதலில் தாம் பயன்படுத்தும் வெளியீட்டாரிடமே அளிக்க வேண்டும். கருவில் அவர்கள் செய்த மாற்றங்கள் அவர்களுக்கே தெரியும். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸைப் பயன்படுத்துவோர் அந்நிறுவனத்தாரையே முதலில் அணுக வேண்டும். ஆராய்வோர் வட்டின் படியைக் கேட்டால், கடையின் கணக்கு அயலார் கைக்குப் போகுமே என வணிகர் தயங்குவது இயல்பு. ‘இ2இமேஜ்’ என்னும் கருவி கோப்புகளின் உள்ளடக்கத்தை விடுத்து அமைப்பை மட்டும் படியெடுக்கும். அதனுடன் ‘-எஸ்’ என்னும் தெரிவைச் சேர்த்தால் கோப்புப் பெயர்களையும் கலைத்துவிடும். எந்த வாடிக்கையாளர் பெயரில் எந்தக் கோப்பு உள்ளது என்பதும் வெளியே தெரியாது.