சதுரக் குறியினுள் இருப்பது யாது?

கைத்தறிச் சேலைகள் சிலவற்றின் விலைச்சீட்டில் கறுப்பும் வெள்ளையுமான கட்டங்கள் நிறைந்த ஒரு சதுரம் இந்நாளில் காணப்படுகிறது. கைப்பேசியின் காமிராவை அதன்மேல் காட்டினால் தறி ஓடும் காட்சி திரையில் தோன்றுகிறது. நெய்தவரின் குரலும் கேட்கிறது. படமும் குரலும் அச்சதுரத்துக்குள்ளேயே பதிந்திருப்பதாக அங்கத்தினர் பலர் எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறன்று.

கியூ.ஆர். எனப்படும் இக்குறி, மோட்டார் வாகன உறுப்புகளை அடையாளங் காண்பதற்காக 1994-ஆம் ஆண்டில் ஜப்பானில் அமைக்கப்பட்டது. ஜக்கார்டு அட்டையை அறிந்தவருக்கு இதன் தத்துவம் புதிதன்று. துளை உண்டு, துளை இல்லை என்னும் இரண்டே நிலைகளால் அட்டை பூவேலையைச் சொல்லுவதுபோல, கறுப்பு, வெள்ளை என்னும் இரண்டே கட்டங்களால் இது எழுத்தைச் சொல்லுகிறது. மூன்று மூலைகளிலுள்ள பெரிய சதுரங்கள், குறி எப்பக்கம் திரும்பியிருப்பினும் காமிராவுக்குத் திசை காட்டுவன.

மிகப் பெரிய குறியிலும் 2,953 பைட்டுகளுக்கு மேல் அடங்கா. நொடிக்கு 1,000 பைட்டு வீதம் சுருக்கிய பேச்சாயினும் மூன்று நொடிக்குள் இடம் தீர்ந்துவிடும். ஆகவே குறியில் இடப்படுவது ஓர் இணைய முகவரியே. படமும் ஒலியும் எங்கோ ஒரு கணினியில் உள்ளன. கைப்பேசி அம்முகவரியை நாடி அவற்றைப் பெறுகிறது. 2018-ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் உள்ள குறிகளும் இவ்வகையினவே.

அம்முகவரி யாருடையது என்பதைச் சங்கங்கள் முதலில் கேட்க வேண்டும். குறி அமைத்துத் தருவோர் சிலர் தங்கள் முகவரியை அதில் இட்டு, அங்கிருந்து சங்கத்தின் பக்கத்துக்குத் திருப்பிவிடுகின்றனர். சந்தா நின்றால் அவ்வழியும் அடைபடக் கூடும். பட்டுச் சேலையோ முப்பது ஆண்டு பெட்டியில் இருப்பது. பேத்தி எடுத்துப் பார்க்கும் நாளில் சீட்டு ஊமையாகியிருக்கும். அச்சிட்ட குறியைத் திருத்தவும் இயலாது. ஆதலால் சங்கம் தன் பெயரிலேயே முகவரியைப் பதிவு செய்து, உரிய காலத்தில் புதுப்பித்து, அதனையே குறியில் இடுதல் வேண்டும். படத்தை விரும்பியபோது மாற்றலாம், முகவரி மாறலாகாது.

குறியைச் சுற்றி நான்கு கட்ட அகலம் வெற்றிடம் விடுக. அங்கே மாங்காய்க் கரை போட ஆசைப்படுவோர் பொறுத்தருள்வாராக! துணியில் அச்சிட்டால் மடிப்பும் சலவையும் கெடுக்கும். தனிச் சீட்டே நன்று. விதைப் பொட்டலத்தில் இடுவோர் காட்சியினும் குரலையே கொள்க. இணைப்பு மெலிந்த வயல்வெளியிலும் அது விரைவில் வந்து சேரும். கையில் சேறு படிந்தவரும் கேட்டுக்கொண்டே வேலை செய்யலாம்.