காற்பங்கும் கணக்கிலேறும்

ஐக்கிய அமெரிக்காவிலே தரகரின் வாயிலை மிதியாமல் கம்பனியிடமிருந்தே நேராகப் பங்கு வாங்கும் வழியொன்று உண்டு. பெரும்பாலும் பங்குப் பதிவேட்டைப் பேணும் முகவர் நிலையமே இதனை நடத்தும். வாங்கியவர் விரும்பின், பங்கிலாபம் கைக்கு வாராது மீண்டும் பங்காகிவிடும்.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். நம்மிடம் நூறு பங்குகள். காலாண்டுக்குப் பங்கொன்றுக்கு 50 சதம். ஆக 50 டொலர். பங்கின் விலை 50 டொலராயின் ஒரு பங்கு சேரும். 40 டொலராக இறங்கின் ஒன்றேகால் பங்கு சேரும். விலை இறங்க மகிழும் மனிதரை நாம் இங்கேதான் காண்கிறோம்!

ஆயினும் நமக்கொரு கலக்கம். பங்கிலாபம் வட்டியன்று, இயக்குநர் சபை நினைத்தாற் குறையும். ஜெனரல் எலெக்ட்றிக் கம்பனி 2009 இல் காலாண்டுப் பங்கிலாபத்தை 31 சதத்திலிருந்து 10 சதமாக்கிற்று. மெல்ல உயர்த்தியபின், 2017 இல் 24 சதத்தைப் 12 ஆக்கிற்று. 2018 இல் ஒரே சதமாக அறிவித்தது. பங்கு விலையும் உடன் வீழ்ந்தது. முதுமைக்கென்று அவ்வொரு கம்பனியிலேயே ஆண்டாண்டாய்ச் சேர்த்தவர் நிலை யாது?

இன்னொன்று: சாதாரணக் கணக்கிலே, கைக்கு வாராத பங்கிலாபத்துக்கும் அவ்வாண்டே வரி உண்டு. விற்குங்கால், வாங்கிய விலைகளைக் காட்டவேண்டும். ஆதலின் பழைய கணக்குக் கூற்றுகளைக் கடதாசிக்காரனிடம் போடாது பெட்டியிலே வைத்திருத்தல் நன்று.