கீட்டோன் வினைகளில் விளைபொருளை முன்கூட்டி அறிதல்

கீட்டோன்களின் வினைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்த மாணவர், வினாத்தாளில் புதியதொரு கீட்டோனைக் கண்டதும் தடுமாறுவது இயல்பே. பட்டியல் நீளமானது, அதன் பின்னுள்ள காரணமோ சிறியது. கார்பனைல் தொகுதியிலுள்ள ஆக்சிஜன், கார்பனைவிட அதிக எலக்ட்ரான் கவர்தன்மை உடையது. ஆகவே பிணைப்பு எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் பக்கம் சாய, கார்பன் பகுதி நேர்மின்சுமையைப் பெறுகிறது. எலக்ட்ரான் மிகுந்த கருக்கவர் பொருள் நாடிச் செல்வது அக்கார்பனையே.

பியூட்டன்-2-ஓனை எடுத்துக்கொள்வோம். அதன் கார்பனைல் கார்பனுக்கு ஒருபுறம் மெத்தில் தொகுதியும் மறுபுறம் எத்தில் தொகுதியும் உள்ளன. சோடியம் போரோஹைட்ரைடு இதனை ஒடுக்கி, ஈரிணைய ஆல்கஹாலான பியூட்டன்-2-ஆலைத் தருகிறது. கார்பனைல் தொகுதி சமதள அமைப்புடையது. ஹைட்ரைடு இரு பக்கங்களிலிருந்தும் சம வாய்ப்புடன் அணுகும். எனவே விளைவது சுழிமாய்க் கலவை. விடையில் இதனைக் குறிப்பிடுவோர் சிலரே.

பிரெஞ்சு வேதியியலார் விக்டர் கிரிக்னார்டு 1900இல் வெளியிட்டதும், 1912இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்ததுமான வினைபொருளை இனிக் காண்போம். உலர் ஈதரில் மெத்தில் மெக்னீசியம் புரோமைடைச் சேர்த்து, அதன்பின் நீர்த்த அமிலத்தால் நீராற்பகுத்தால், மூவிணைய ஆல்கஹாலான 2-மெத்தில்பியூட்டன்-2-ஆல் கிடைக்கிறது. புரப்பனோனுடன் எத்தில் மெக்னீசியம் புரோமைடு வினைபுரிந்தாலும் இதே ஆல்கஹால்தான் உண்டாகும். விளைபொருளிலிருந்து பின்னோக்கிச் சென்று இதனை எழுதிப் பார்த்தல் நல்ல பயிற்சி. அமிலத்தைத் தொடக்கத்திலேயே சேர்த்ததாக எழுதுவது மிகப் பரவலான பிழை. அமிலமோ, குடுவையில் எஞ்சிய ஈரமோ கிரிக்னார்டு வினைபொருளை மீத்தேனாக மாற்றிவிடும். கீட்டோன் மாறாமல் அப்படியே நிற்கும்.

கார்பன் சங்கிலி அறுபடும் வினைகளில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அயோடினும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்து பியூட்டன்-2-ஓனின் மெத்தில் தொகுதியிலுள்ள மூன்று ஹைட்ரஜன்களையும் அயோடினால் பதிலீடு செய்கின்றன. பின்னர் அத்தொகுதி பிரிந்து மஞ்சள் நிற அயோடோஃபார்ம் வீழ்படிவாகிறது. கரைசலில் எஞ்சுவது சோடியம் புரப்பனோயேட். வலிமைமிக்க ஆக்சிஜனேற்றியுடன் வெப்பப்படுத்தும்போதோ பிணைப்பு மறுபுறத்தில் அறுபடுகிறது. பாப்பாஃப் விதிப்படி, கார்பனைல் தொகுதி பெரும்பாலும் சிறிய அல்கைல் தொகுதியுடனேயே தங்குவதால், இரு துண்டுகளும் எத்தனாயிக் அமிலமாகின்றன.

பென்டன்-2-ஓன், பென்டன்-3-ஓன் ஆகிய இரண்டும் பெயர்ச்சீட்டு இல்லாத இரு புட்டிகளில் இருப்பின், அயோடோஃபார்ம் சோதனையே அவற்றைப் பிரித்தறியப் போதுமானது. பின்னதில் கார்பனைல் கார்பனுடன் இணைந்த மெத்தில் தொகுதி இல்லை. எனவே மஞ்சள் வீழ்படிவு தோன்றாது.