பிள்ளை பிறந்த வீடு

கடலோர ஊரான கோட்டைப்பட்டினத்தில் இன்று அறுபது வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பிறந்தவர்கள். கூடத்தை ஒட்டிய உள்ளறை, சாத்திய சன்னல், அடுப்பில் கொதிக்கும் வெந்நீர், உத்திரத்தில் தொங்கும் கயிறு. வலி வரும்போதெல்லாம் அந்தக் கயிற்றைப் பிடித்துத் தொங்கியபடி குந்தியிருக்கும் பெண். அவள் காலடியில் மருத்துவச்சி.

அப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை இல்லை. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை மாவட்டம் உருவாகும்வரை இந்தக் கடலோரம் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. நடுராத்திரியில் வலி எடுத்தால் அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டி கட்டுவதைவிட, இரண்டு தெரு தள்ளியிருக்கும் மருத்துவச்சியை எழுப்புவதே நடக்கிற காரியம்.

அந்த மருத்துவச்சி யார்? தமிழ்நாட்டின் பல ஊர்களைப் போலவே இந்தக் கரையோரத்திலும் அவர் பெரும்பாலும் நாவிதத் தொழில் செய்த குடும்பத்துப் பெண். கணவர் முடி வெட்டுவார். முஸ்லிம் நாவிதரானால் பையன்களுக்குச் சுன்னத்தும் செய்வார். மனைவி பிள்ளைப்பேறு பார்ப்பார். பள்ளிக்கூடம் போனதில்லை. மாமியாரோடு துணைக்குப் போய்ப் போய், வயிற்றைத் தொட்டே தலை எங்கே, கால் எங்கே என்று சொல்லும் அளவுக்குக் கை பழகிவிடும். கூலி என்று பேசிக்கொள்வதில்லை. நெல்லோ அரிசியோ, ஒரு புடவை, தேய்த்துக் குளிக்க எண்ணெய், வெற்றிலை பாக்கு. ஆண்பிள்ளை என்றால் கொஞ்சம் கூடுதல். ஊரிலேயே அவசியமான ஆள் அவர்தான். ஆனால் பந்தியில் அவருக்கு இடம் கிடையாது. பிரசவ ரத்தத்தைத் தொடும் கை என்பதால் அந்தத் தீட்டு முழுவதும் அவர் மேல் ஏற்றப்பட்டது. பிள்ளையைக் கையில் வாங்கியவரையே கொல்லைப்புறத்தில் உட்கார்த்திச் சோறு போட்ட ஊர்கள் நம்முடையவை. இதைச் சொல்லாமல் அந்தக் காலத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

நம்பிக்கை அந்த அறைக்குள் எப்படி இருந்தது? முஸ்லிம் வீடுகளில், வாசல் பக்கம் ஆண்கள் யாசீன் ஓதுவார்கள். உள்ளே மூத்த பெண்கள் மர்யம் சூரா ஓதித் தண்ணீரில் ஊதிக் குடிக்கக் கொடுப்பார்கள். உள்ளூர் ராவுத்தர் அப்பா தர்காவுக்கோ நாகூருக்கோ நேர்ச்சை போகும். ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கொண்டுவந்த மரியம் பூ ஏதாவது ஒரு வீட்டில் துணியில் சுற்றிப் பத்திரமாக இருக்கும். காய்ந்து சுருண்ட சருகு அது, பார்வைக்கு மூடிய கைவிரல்கள் மாதிரி. அதை ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டு, வலியில் இருப்பவளின் கண்ணுக்குப் படும்படி வைப்பார்கள். முதலில் ஓரக் கிளைகள் அசையும், பிறகு ஒவ்வொன்றாக நிமிரும், சில மணி நேரத்தில் முழுவதும் விரிந்துவிடும். பூ விரிய விரியக் கருப்பை வாயும் திறக்கும் என்பது நம்பிக்கை. ஈரம் பட்டால் விரிவது அந்தப் பாலைச் செடியின் இயல்பு. செத்துப் பல வருடமானாலும் விரியும். ஆனால் கடிகாரம் இல்லாத அறையில், வலி எப்போது முடியும் என்று தெரியாத ஒருத்திக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஒன்று கிடைத்தது. "பூ பாதி விரிஞ்சிடுச்சும்மா, இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்று சொல்ல மருத்துவச்சிக்கும் ஒரு வழி இருந்தது.

பிள்ளை விழுந்ததும் குளிப்பாட்டித் துணியில் சுற்றிக் கொடுப்பார். அத்தாவோ பாட்டனாரோ வலது காதில் பாங்கும் இடது காதில் இகாமத்தும் சொல்வார்கள். மருத்துவச்சியின் வேலை அதோடு முடியாது. நாற்பது நாளும் வந்து போவார். தாய்க்கு வயிற்றுக்கட்டு, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளியல். சுக்கு, மிளகு, திப்பிலி, கருப்பட்டி போட்ட பிரசவ மருந்து. பால் ஊற காரல் மீன் ஆணம், பூண்டு தட்டிப் போட்ட பால்சுறாப் புட்டு. தாய் சாப்பிட்டாளா, தூங்கினாளா, அழுதாளா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

குர்ஆனின் மர்யம் சூராவில் மர்யம் பிள்ளை பெறும் இடத்தை நான் பலமுறை நினைத்துப் பார்ப்பதுண்டு. வலி தாளாமல் பேரீச்ச மரத்தடிக்கு வந்து, இதற்கு முன்பே செத்திருக்கக் கூடாதா என்று புலம்பும் பெண்ணுக்குக் கிடைப்பவை மூன்று: காலடியில் ஓடும் தண்ணீர், மரத்தை உலுக்கினால் உதிரும் பழம், கவலைப்படாதே என்று சொல்லும் ஒரு குரல். மருத்துவச்சி தந்ததும் இவைதான். அதற்கு மேல் தன் கையில் எதுவும் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

கையில் இல்லாதவற்றின் பட்டியல் கொடியது. குறுக்கே கிடக்கும் பிள்ளையை அவரால் எடுக்க முடியாது. நஞ்சுக்கொடி விழுந்த பிறகும் நிற்காத உதிரத்தை நிறுத்த முடியாது. அது ஓரிரு மணி நேரத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும். கொடி அறுத்த கத்தியில் அழுக்கு இருந்தால் பிள்ளைக்கு ரணஜன்னி. புதுச்சேரிக்குப் பக்கத்துக் காரணி கிராமத்தில் கூலிவேலை செய்துகொண்டே பிரசவமும் பார்த்த விராம்மாவின் வாழ்க்கைக் கதை 1990களில் நூலாக வந்தது. பன்னிரண்டு பிள்ளை பெற்ற அவருக்கு மிஞ்சியது மூன்று. ஊரார் பிள்ளைகளைக் கையில் வாங்கியவரின் வீட்டிலேயே இந்தக் கணக்கு.

இந்தக் கணக்கு மாறியதற்குப் புதுக்கோட்டையோடு நேரடித் தொடர்பு உண்டு. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புக்கு நடுவே சேர்ந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஆண் டாக்டர் தொடக் கூடாது என்று பெண்கள் வீட்டுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்த காலம் அது. இன்று இந்த ஊர்க் கர்ப்பிணிகளுக்குத் தவணை தவணையாக வரும் 18,000 ரூபாய் மதிப்பிலான மகப்பேறு உதவி அவர் பெயரில்தான் இருக்கிறது.

1992-93இல் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பிரசவங்கள் வீட்டில்தான் நடந்தன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 99.6 சதவீதம் மருத்துவமனையில். கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வருகிறார், கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கித் தருகிறார். 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. கோட்டைப்பட்டினத்துப் பெண் இன்று பிரசவத்தில் செத்துப்போவாள் என்று யாரும் பயந்துகொண்டிருப்பதில்லை. இதைவிடப் பெரிய மாற்றம் இந்தக் கரையில் வேறொன்றும் நடக்கவில்லை.

ஆனால் பிரசவ அறைக் கதவு சாத்தியதும் அவள் தனியாகிவிடுகிறாள். உம்மா வராந்தாவில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டு நிற்கிறார். உள்ளே கத்தினால் அதட்டல். 1990களின் தமிழ்நாட்டுப் பிரசவங்களை நேரில் ஆய்ந்த சிசிலியா வான் ஹோலன் 2003இல் வெளியிட்ட நூலில், வலியைக் கூட்டும் ஊசியின் தாராளப் புழக்கத்தையும் பெண்கள் பட்ட அவமதிப்பையும் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இப்போது அறுவை. 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். அத்தனையும் தேவைப்பட்டுத்தான் நடக்கின்றன என்று நம்ப முடியவில்லை. நாற்பது நாளுக்கு வந்து போக ஆளும் இல்லை. வளைகுடாவில் இருக்கும் அத்தா வீடியோ காலில் பாங்கு சொல்கிறார். தையல் வலியோடு ஒருத்தி போனைப் பிள்ளையின் காதருகே பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தத் தனிமைக்குள்தான் வீட்டுப் பிரசவம் என்ற புதுப் பிரசாரம் நுழைகிறது. இயற்கை, மார்க்கம், பாரம்பரியம் என்று எந்தப் பெயரிலும் வருகிறது. 2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு தாய் இதற்குப் பலியானார். 2025 ஏப்ரலில் மலப்புரத்தில் ஐந்தாவது பிள்ளையை வீட்டில் பெற்ற இன்னொரு தாய் உயிரிழந்தார். கணவர் கைது செய்யப்பட்டார். இதற்கும் நம் மருத்துவச்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் வேறு வழி இல்லாத ஊரில், தொட்டுப் பழகிய கையோடு வந்தவர். இந்தப் பிரசாரக்காரர்களோ வாசலில் 108 வரும் காலத்தில், செல்போன் படத்தைப் பார்த்து, பெண்ணின் உயிரை வைத்துத் தங்கள் நம்பிக்கையைச் சோதிக்கும் ஆண்கள். மர்யமின் கதையை இவர்களில் சிலர் ஆதாரம் காட்டுவதைக் கேட்கும்போது நெஞ்சு கொதிக்கிறது. மர்யம் தனியாகப் போனது ஊர்ப் பழிக்கு அஞ்சி. அங்கே வந்த குரல் தனிமையைப் புகழவில்லை, ஆறுதல் சொன்னது.

செய்ய வேண்டியது தெரியாமல் இல்லை. அரசு மருத்துவமனைப் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை அனுமதிக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் பல வருடங்களாக இருக்கிறது. மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், சிக்கலில்லாத பிரசவங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் மகப்பேறு செவிலியர்களை உருவாக்கச் சொல்கின்றன. டாக்டரும் ரத்தமும் கூப்பிடு தூரத்தில், கையைப் பிடித்தபடி ஒருத்தி பக்கத்தில். துணைக்கு வரும் இந்தக் கரையோரத்துப் பெண்கள் ஓதித் தண்ணீர் கொடுக்கலாம், முதுகைத் தேய்த்து விடலாம், மருத்துவத்துக்கு அதனால் ஒரு இடைஞ்சலும் வராது. வராந்தாவில் நிற்கும் உம்மாவை உள்ளே விடுங்கள் என்று கேட்கும் உரிமை உண்டு என்பதையே பல குடும்பங்கள் அறியாமல் இருக்கின்றன. பிக்மி எண்ணோடு சேர்த்து இதையும் செவிலியர் சொல்லிவிட்டுப் போகலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் ஆண்களுக்குப் பள்ளிவாசலும் சொல்லலாம்.